நமீபியாவில் வழி தவறியது நீ இல்லை

அன்பு மகன் ரியாஸுக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் ஓர் உறுதிமொழி. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நம் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து, இடது கையில் டீ டம்ளரும் வலது கையில் பேனாவும் ஏந்தி, வானமும் பூமியும் எதிர்வீட்டு நாயும் சாட்சியாக நான் சொல்வது என்னவென்றால், இப்போது எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. காரணம், இது நடந்த கதை. நடக்காததைச் சொன்னபோதெல்லாம் என்னை நம்பினார்கள். பனிப்புயல் அடித்த வருஷம் நம் வீட்டுக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வைத்தது, அளவு சரியில்லை என்று தெரிந்ததும் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது என்றேன். "அல்லாவே! இன்ஷூரன்ஸ்காரன் என்ன அங்கிள் சொன்னான்?" என்று கேட்டார்கள். அப்பேர்ப்பட்ட நம்பிக்கையைச் சம்பாதித்த வாய் இது. நடந்ததை நடந்தபடி சொல்லி இதற்குப் பழக்கமில்லை. ஆகவே நடுவில் எங்கேனும் ஒரு யானை நுழைந்தால் பொறுத்துக்கொள், பேனாவால் அடித்துவிடுகிறேன்.

இதை உனக்கு மட்டும் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நம் ஜமாஅத்தின் பெருநாள் மலரைத் தயாரிக்கும் தம்பி வழக்கம்போல் போன் செய்து, "அங்கிள், இந்த வருஷமும் ரெண்டு பக்கம் சிரிக்க வச்சிடுங்க" என்றான். சரி என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னைப் பற்றிய பொய்யை நான் சபையில் சொன்னேன். அதற்கான சிரிப்பையும் இரண்டாம் தட்டு பிரியாணியையும் சபையில்தான் வாங்கினேன். திருத்தத்தை மட்டும் உன்னிடம் போனில் முணுமுணுத்தால் அது திருத்தமாகாது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அதனால் பெரிய வார்த்தைகளைக் குறைத்திருக்கிறேன். நீ நிக்காஹ் செய்யப்போகும் நிலோஃபருக்கு அதுவும் வராது. அவளுக்கு அவள் அத்தாவே உரக்கப் படித்துக் காட்டட்டும். உங்கள் நிச்சயத்தன்று அவர் சிரித்த சிரிப்புக்கு நான் விதிக்கும் தண்டனை அதுதான். உன் அம்மாவும் இதைப் படிப்பாள். அந்த நேரத்தில் நான் கடைக்குப் போயிருப்பேன், அநேகமாகக் கனடாவில் இருக்கும் ஒரு கடைக்கு.

பழைய கதை தெரியாதவர்கள் நியூ ஜெர்சியில் இல்லை. புதிதாக விசா வாங்கி வந்தவர்களுக்காகக் கடைசி முறையாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா, நமீபியா தேசம். நிலாவின் அடிப்பாகம் இடிக்காமல் இருப்பதற்காகக் கொஞ்சம் குனிந்து நிற்கும் பாறை மலைகள். அவற்றின் பின்புறம் நானும் நீயும் நடந்து போகிறோம். பாறைக்கு மேலிருந்து ஒரு சிறுத்தை இறங்குகிறது. அதன் தலை இறங்கியபோது மணி மூன்று, வால் இறங்கியபோது மணி நாலு, அவ்வளவு நீளம். நீ "அம்மா!" என்று கத்திக்கொண்டு, பெற்ற தகப்பனை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுகிறாய். நான் ஒற்றைச் செருப்பைக் கழற்றி, சிறுத்தையைப் பார்த்து, "நான் இளையான்குடிக்காரன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்கிறேன். அது மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறது. அப்புறம் உன்னைத் தேடி அலைந்து, ஒரு பாறை இடுக்கில் தலையை உள்ளேயும் பின்பக்கத்தை வெளியேயும் வைத்துக்கொண்டு நீ அழுவதைக் கண்டுபிடித்து, கூடாரத்துக்கு அழைத்து வருகிறேன். அந்தப் பின்பக்கத்தை நான் நடித்துக் காட்டுவேன். இஃப்தாரில் காட்டினேன், கல்யாணங்களில் காட்டினேன், பிள்ளைக்குப் பேர் வைத்த வீடுகளில் காட்டினேன். ஒரு மையத்து வீட்டில், அவர்கள் துக்கத்தை மறக்கட்டும் என்று மூன்றாம் நாள் காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள் என்பதுதான் இதில் மோசம். அதற்குப் பிறகு என்னை யாரும் நிறுத்த முடியவில்லை.

இந்த வருஷம் சான்டா கிளாராவில் உன் நிச்சயத்தன்று சாப்பாடு முடிந்த கையோடு சம்மந்தி தொடங்கினார். "மாப்ளே, நிக்காஹ் அன்னிக்குப் பாறை கீறை தேடி ஓடிடாதீங்க, எங்க ஹால்ல இடுக்கு கிடையாது!" கூடம் அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான், என் சரக்கு அது. நீயும் சிரித்தாய். பிறகு நான் சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, அவர்கள் வீட்டு எலுமிச்சை மரத்தடியில் நீயும் நிலோஃபரும் நின்றீர்கள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. "ரியாஸ், சீரியஸாத்தான் கேக்கிறேன். நிஜமாவே அவரை அங்க விட்டுட்டு ஓடினீங்களா?" என்றாள். நீ கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாய். "சம்திங் லைக் தட்" என்றாய். அவள் "ஓ, ஓகே" என்றாள். ஒரு பெண், வாழ்நாள் முழுக்கத் தன்னோடு இருக்கப்போகிறவன் ஆபத்து வந்தால் ஓடுகிறவன்தான் என்று ஒப்புக்கொண்டு, பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட "ஓகே" அது. ஒரு வார்த்தையில் நீ என்னைக் கவிழ்த்திருக்கலாம். அப்போதும் நீ என்னை மறைத்தாய். குழாயை மூட மறந்து நின்றுகொண்டிருந்தேன். சம்மந்தியம்மா வந்து, "அண்ணே, கலிபோர்னியால தண்ணி பஞ்சம்" என்று மூடினார்கள்.

விமான நிலையத்துக்குப் போகும்போது காரில் நீ கேட்டாய். "அத்தா, அந்த ஸ்டோரி இனிமே வேண்டாமே." அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று எதுவும் இல்லை. நான் நெஞ்சில் கை வைத்து, "முடிஞ்சுதுடா. அந்தச் சிறுத்தை மௌத்தாயிடுச்சு, அடக்கம் பண்ணியாச்சு" என்றேன். நீ நம்பினாய். நியூ ஜெர்சி திரும்பியதும் எடிசனில் ஒரு வீட்டில் விருந்து நடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், "அந்தச் சிறுத்தை விவகாரம் என்னங்க?" என்றார். நான் மறுத்தேன். "அட, சொல்லுங்க பாய்" என்றார். மீண்டும் மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் இது நடந்த கதை. எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, பின்பக்கம் சகிதம் முழுவதையும் நடித்தேன். உன் சிநேகிதன் ஒருவன் அங்கே இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த வாரம் நீ போன் செய்தாய். கோபப்படவில்லை. "நீங்க வாங்க அத்தா, கண்டிப்பா வாங்க. வலிமா விருந்துல மைக் மட்டும் வேண்டாம்" என்றாய். அதிலிருந்து நான் போனை எடுத்தால், "நல்லா இருக்கேன் அத்தா, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி. திட்டியிருந்தால் அதை வைத்து ஒரு கதை செய்திருப்பேன். இதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி நடந்ததுக்கு வருகிறேன். நமீபியாவுக்குப் போக ஆசைப்பட்டது நீ. காலேஜில் சேர்ந்த முதல் வருஷம், கல்லைப் படிக்கப் போகிறேன் என்றாய். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படிக்கும்போது நம் பிள்ளை கல் உடைக்கப் போகிறானே என்று நான் அதையும் கதையாக்கிக்கொண்டிருந்தேன். உன் அறைச் சுவரில் அந்தச் சிவப்புப் பாறை மலையின் படம் ஒட்டியிருந்தது. கிரீன் கார்டு வந்து, நினைத்த இடத்துக்குப் போய்வரலாம் என்று ஆனபோது உன் அம்மா இளையான்குடி என்றாள், நீ அந்தப் படத்தைக் காட்டினாய். நான் உன் பக்கம் சாய்ந்தேன். பிள்ளையின் ஆசைக்காக என்றுதான் இத்தனை நாளும் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். ஊரே நயாகராவுக்கும் டிஸ்னிக்கும் போய் ஒரே மாதிரிக் கதையோடு திரும்பி வருகிறது; யாரிடமும் இல்லாத ஒரு கதை எனக்கு வேண்டியிருந்தது. நியூவர்க்கில் விமானம் ஏறும்போதே எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஜன்னல் வழியாகப் பூமியைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

உன் அம்மா பெட்டி கட்டியது தனிக் காவியம். அரிசி, பருப்பு, மாசிக் கருவாடு, ஊறுகாய், அதோடு மின்சார ரைஸ் குக்கர். அந்தக் காலத்தில் விமான நிலையத்தில் நம் பெயரைப் பார்த்தாலே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். குக்கரைக் கையில் எடுத்த அதிகாரி அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் போய், "இட்ஸ் ஃபார் ரைஸ், சார்" என்று சிரித்தபடி மூடியைத் திறந்து காட்டினாய். நமீபியாவில் இறங்கி, மேலே கூடாரம் மடித்துக் கட்டிய பிக்கப் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இடது பக்கம் ஓட்டும் நாடு. "இது நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இன்டிகேட்டர் போடும்போதெல்லாம் வைப்பர் ஓடியது. மழையே பார்க்காத அந்தத் தேசத்தில் வைப்பர் போட்டபடி போன ஒரே வண்டி நம்முடையது. தார் முடிந்து சரளை ரோடு தொடங்கியது. பின்னால் எழும்பிய புழுதி நியூ ஜெர்சி வரை தெரிந்திருக்கும். வெகுதூரம் வெறும் தட்டை. பிறகு அந்த மலைகள். யாரோ பாலைவனத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி, அடிவாரம் என்று ஒன்று இல்லாமல், மணலிலிருந்து நேராக எழுந்து நின்றன. மண்ணில்லை, மரமில்லை, முழுக்க ஒரே கல். வெயில் சாய்ந்தபோது கல் உள்ளிருந்து பழுத்த மாதிரி சிவந்தது. அந்த மலைகளைப் பற்றி மட்டும் எனக்குப் பொய் தோன்றவில்லை. நீ வண்டியிலிருந்து இறங்கி, பாறையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாய். நான் உன்னைப் பார்த்து, "என்னடா, ஜுரம் பாக்குறியா?" என்றேன்.

ஒரு பெரிய பாறையின் வடக்கே, அதை ஒட்டிக் கூடாரத்தை விரித்தோம். உன் அம்மா குக்கரை எடுத்துக்கொண்டு பாறையைச் சுற்றி வந்தாள். "பிளக் எங்கங்க?" பென்சில்வேனியாவில் முன்பு நாம் தங்கிய முகாமில் மரத்துக்கு மரம் பிளக் இருந்தது; அந்த நினைப்பு. "ஆப்பிரிக்காவுல பிளக் எல்லாம் பாறைக்கு உள்ள இருக்கும், தட்டிப் பாரு" என்றேன். அவள் ஓரிடத்தில் தட்டியும் பார்த்தாள், பிறகு கரண்டியோடு என்னைத் துரத்தினாள். மறுநாள் காலையில் நீ உன் காம்பஸை வைத்துப் பார்த்து, முசல்லாப் பாய்களை மலைக்கு முதுகு காட்டி விரித்தாய். "கிப்லா வடக்கு, கொஞ்சம் கிழக்கு" என்றாய். மக்கா இருக்கும் அந்தத் திசை எனக்கு எப்போதும் மேற்கு. இளையான்குடியில் பிறந்தவனுக்கு அது சூரியன் மறைகிற பக்கம். எலும்பில் எழுதி வைத்தது. நியூ ஜெர்சியில் பள்ளிவாசல் கம்பளத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், நான் கோட்டில் நின்று தொழுதுவிட்டு வருகிறேன், அது எந்தத் திசை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கும் அப்படித்தான். மதியம் நீ விரித்த பாயில் நின்று லுஹர் தொழுதேன், அவ்வளவுதான்.

தொழுதுவிட்டு, உன் அம்மாவைக் கூடாரத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு, நீயும் நானும் மலைக்குப் பின்னால் போனோம். குரங்குகள் சாப்பாட்டைத் தூக்கிவிடும் என்று எல்லாவற்றையும், தண்ணீர்க் கேன்களையும் சேர்த்து, வண்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் பையில். குடிக்க எடுத்துப்போன ஒரே பாட்டிலும் என் தோள்பையில். நீ ஒவ்வொரு பாறையாக நின்று பார்த்தாய். எனக்குப் புரியவில்லை என்றாலும் தலையாட்டினேன். வளைந்து வளைந்து போனதில், திரும்பலாம் என்று நான் சொன்னபோது எல்லாப் பாறையும் ஒரே பாறையாக இருந்தது. நீ ஒரு பக்கம் கை காட்டினாய். நான் சூரியனைப் பார்த்தேன். "இல்லடா. மலைக்கு முதுகைக் காட்டிட்டுத்தானே தொழுதோம்? அப்ப இங்கேர்ந்து கேம்ப் கிப்லா பக்கம். கிப்லா மேற்கு. சூரியன் அங்க இறங்குது. நடடா" என்றேன். "கிப்லா இங்க மேற்கு இல்ல அத்தா, நார்த். காலைல பாத்தோம்ல." "அந்தக் காம்பஸ் எங்க?" "முசல்லா மேல வச்சுட்டேன்." "ஆங்! மக்கா எந்தப் பக்கம்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா? நான் தொழ ஆரம்பிச்சப்ப உங்க அம்மாவுக்குப் பல்லு முளைக்கலை." நீ சிரிக்கவில்லை. "மக்கா அங்கயேதான் அத்தா இருக்கு. நாமதான் ஆப்பிரிக்காவுக்குக் கீழ வந்துட்டோம். ப்ளீஸ், நான் சொல்றதைக் கேளுங்க." கேட்டிருக்கலாம். நீ சொன்னது சரி என்பது எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது, ரியாஸ். புரிந்த பிறகு திரும்புவதுதான் கஷ்டம். "நீ உன் நார்த்துல போ. அம்மாவைப் பாத்தா சலாம் சொல்லு" என்று சொல்லி, சூரியனைப் பார்த்து நடந்தேன்.

பின்னாலிருந்து நீ கூப்பிட்டாய். "அத்தா! தண்ணியாச்சும் குடுத்துட்டுப் போங்க!" அது என் காதில் விழுந்தது. காற்றே இல்லாத இடம், தெளிவாக விழுந்தது. விழாத மாதிரி நடந்தேன். நீ பின்னாலேயே ஓடிவருவாய், வந்தால் இரண்டு வாய் கொடுத்து, ஒரு பிரசங்கமும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை. நல்லது, கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். என் மகனை, ஆப்பிரிக்க வெயிலில், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் விட்டுவிட்டுப் போனவன் நான். விட்டுவிட்டு ஓடியது நீ என்று ஊரைச் சிரிக்க வைத்தவனும் நான்.

கொஞ்ச நேரத்தில் பாறைகள் முடிந்துவிட்டன. கூடாரம் இல்லை, உன் அம்மா இல்லை, முன்னால் தட்டையாகச் சரளை, அதன் முடிவில் சூரியன். இங்கே நான் வழக்கமாக ஒரு நெருப்புக்கோழியை விடுவேன். ஒன்றும் இல்லை, ஓர் ஈ கூட இல்லை. திரும்பினால் எந்த இடுக்கிலிருந்து வந்தேன் என்று தெரியவில்லை. பாட்டிலில் பாதி உனக்கு என்று வைத்திருந்தேன். பிறகு கால் பாகம் உனக்கு என்றேன். பிறகு குடித்துவிட்டேன். செருப்பின் வார் அறுந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். பயத்தில்தான். நீ கூடாரம் போய்ச் சேர்ந்தாயா என்று நினைத்து அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அந்த நினைப்பு அழுகைக்குப் பிறகுதான் வந்தது.

நீ வந்தாய். இரண்டு தோளிலும் பாட்டில்கள். நீ வடக்கே போய் நேராகக் கூடாரத்தை அடைந்து, பூட்டிய வண்டியைப் பார்த்து, பக்கத்தில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன் தம்பதியிடம் தண்ணீர் வாங்கி, உன் அம்மாவிடம், "அத்தா போட்டோ எடுக்கிறாரும்மா, கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். "எப்படிடா கண்டுபிடிச்சே?" என்றேன். "சூரியனைப் பாத்துதான் போவீங்க, வேற பக்கம் போக மாட்டீங்க" என்றாய். குத்தலே இல்லை அதில். நான் குடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்காமல், அறுந்த வாரை எடுத்து உன் ஷூ கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாய். அஸர் தொழுகை நேரம் ஆகியிருந்தது. தண்ணீரைச் சிக்கனமாக வைத்துக்கொள்ள, மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவித் தயம்மும் செய்தோம். நான் எழுந்து சூரியனைப் பார்த்து நின்றேன். எலும்பு அது, கேட்காது. பிறகு உன்னைப் பார்த்தேன். நீ வடக்கே, கொஞ்சம் கிழக்கே திரும்பி நின்றாய். "நீ தொழ வை" என்றேன். "அத்தா, நீங்க..." "நில்லுடா முன்னாடி." உன் வலப்பக்கம், அரையடி பின்னால் நின்று தொழுதேன். இதை நான் எந்தச் சபையிலும் சொன்னதில்லை. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை பார்.

கூடாரத்தில் உன் அம்மா நெருப்பில் பானை வைத்துச் சோறாக்கியிருந்தாள். அரிசி அந்த ஜெர்மன்காரர்களிடம் கடன். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? போட்டோ எடுக்கிற மூஞ்சியா இது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொன்னாய். "நான்தான்மா வழி தப்பிட்டேன். அத்தாவைக் கூப்பிடத் திரும்பப் போனேன்ல, அப்ப. அவர்தான் தேடிக் கண்டுபிடிச்சாரு." அவள் உன்னைத் திட்டத் தொடங்கினாள். "அந்த மனுஷனை வெயில்ல அலைய விட்டியாடா? பாரு, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு!" முதல் தட்டு எனக்கு வந்தது. இல்லை, தப்பியது நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் வண்டிச் சாவியை நீட்டி ஊறுகாய் கேட்டேன்.

நியூவர்க்கில் நம்மை அழைத்துப் போக வந்த நண்பர், "ட்ரிப் எப்படி பாய்?" என்றபோது, பிள்ளை கொஞ்சம் வழி தப்பிவிட்டான், நான் கண்டுபிடித்தேன் என்றுதான் தொடங்கினேன், நீ சொன்னபடியே. அவர், "அப்புறம்?" என்றார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு எக்ஸிட்டுக்கும் ஒரு சிறுத்தைத் துண்டு சேர்ந்தது. பின்சீட்டில் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருஷமும் உன் அனுமதி என்று வைத்துக்கொண்டிருந்தேன். நிக்காஹ் ஆகப்போகிறவனுக்கு ஒரு தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என் தகுதிக்கு இதுதான் முடியும். நிலோஃபரைப் பற்றிச் சபையில் சொல்ல உனக்கு நிறையக் கிடைக்கும். அவள் காரை எங்கே இடித்தாள், ரசத்தில் எதைப் போட்டாள் என்று. அவளும் கூடச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பாதே. வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அவள் பேசுகிறாளா என்று பார். பேசாமல் வந்தால் அந்தக் கதையை அன்றோடு விட்டுவிடு. அப்புறம், ஒருநாள் உன் பிள்ளை உன்னிடம் வடக்கு என்று சொல்லும். அது தப்பாகவே இருந்தாலும், தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சண்டை போடு.

மைக் வேண்டாம் என்றாயே, அது சரிதான். நான் கேட்க மாட்டேன். வலிமாவில் யாராவது சிறுத்தையைப் பற்றிக் கேட்டால், பெருநாள் மலரைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்ப்பேன். நிலோஃபரிடம் நீ எதையும் விளக்க வேண்டாம். அந்த வேலையை இந்தக் காகிதம் செய்யட்டும். உன் அம்மா என்னை என்ன செய்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். அந்தப் பழைய கதையில் ஒரு சின்ன இடம் நிஜம். அதைக் கடைசியில்தான் சொல்வேன். அதற்குள் எல்லாரும் சிரித்து முடித்து, கை கழுவ எழுந்திருப்பார்கள், அதனால் யாருக்கும் நினைவிருக்காது. திரும்பி வந்த வழி முழுக்க என் மகன் என் கையைப் பிடித்திருந்தான், விடவே இல்லை என்பேன். அது நடந்தது. சரளையில் எனக்குக் கால் நிற்கவில்லை, நீ பிடித்தாய். கூடாரம் கண்ணில் பட்டதும், உன் அம்மா திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால், விட்டாய்.